அது என் சேவல்தான்

அம்மிணி, இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. உன் பிளாகில் போடுவதற்காக எழுதுகிறேன். தாளில் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீ டைப் செய்துகொள். ஒரு வரியையும் வெட்டக் கூடாது. ஒரு சொல்லையும் நயமாக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மளிகைச் சாமான் கட்டி வந்த பேப்பரைப் பிரித்துத் தமிழ் படித்தவன் நான். பஸ் போர்டைப் பார்த்து மலையாளம் படித்தவன். இரண்டு மொழியிலும் என்னை யாரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது கிடையாது. நானாக ஏமாற்றிப் போட்ட கையெழுத்து ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் மேல் எனக்குள்ள குறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் முன்பு, எஸ்.ஐ. பயிற்சி முடித்து, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு இடுக்கிக்குக் கிளம்பினாய். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானும் உன் அம்மாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். உடுமலை பஸ் வர நேரமிருந்தது. உன் அம்மாதான் வாயைக் கொடுத்தாள். "ஏஞ்சாமி, பிளாக்குல இப்பெல்லாம் ஒண்ணுமே எழுதறதில்லையே, ஏன்?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னாய். "விட்டுட்டனுங்கம்மா. சொந்த அப்பாவையே நோகடிச்ச எழுத்து, ஊரான் ஊட்டு மனுசனை எத்தனை நோகடிச்சிருக்கும்? எழுத உக்காந்தா கை வர்றதில்லீங்க." இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னாய். சிரிக்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? பஸ் வந்தது, ஏறினாய், கை காட்டினாய். ஒரு வருடத்துக்கு மேலாக, பயிற்சியில் பெண்ணுக்கு நேரமிருக்காது, அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பொய்யையும் நீ அன்றைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உன் பிளாகைப் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். போலீஸ் ஸ்டேஷன் என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு பயம். ஒன்று போலீஸ், இன்னொன்று அவர்கள் எழுதுகிற மொழி. என் பெண் சாதாரணக் காவலராக எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தமிழில் எழுத ஆரம்பித்தாள். மனு கொடுத்தால் ரசீது கேள், அது உன் உரிமை. எழுதினதை உன் மொழியில் படித்துக் காட்டச் சொல், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடு. பாஸ்போர்ட் விசாரிக்க வருகிற போலீஸ்காரருக்கு ஒரு டம்ளர் மோர் போதும், அதுகூடக் கட்டாயமில்லை. வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற பாறாவுக்காரர் உன்னை முறைக்கவில்லை, காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார், அவர் முகமே அப்படித்தான். இப்படி எழுதினாள்.

நான் அதை எதிர்த்தேன். நீ போலீஸில் சேர்ந்ததையே எதிர்த்தவன் நான். "போலீஸ்காரி வாயை மூடிட்டு இருக்கோணும். ஊட்டு விசயத்தை ஊருக்குச் சொல்ற மருமக மாதிரி ஸ்டேஷன் விசயத்தைச் சொல்லிட்டுத் திரியாதே" என்றேன். ஆனால் நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். உன் அம்மா ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, தண்ணி எடுத்துவிடப் போனவரு பாத்தி நெறைஞ்சு ரோட்டுக்கு ஓடறது தெரியாம அப்பிடி என்னத்தைப் பார்த்துட்டு இருக்கறீங்க?" என்றாள். தேங்காய் விலை பார்க்கிறேன் என்றேன். "தேங்கா வெலைக்கு யாராச்சும் சிரிப்பாங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது சேவலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் சேவல் வளர்க்காத வீடு குறைவு. தை மாதம் வந்தால் எங்காவது ஒரு தோப்பில் சாவக்கட்டு, அதாவது சேவல் சண்டை, நடக்கும். சட்டப்படி கூடாது, அதனால் சத்தமில்லாமல் நடக்கும். நான் இருபது வயதிலிருந்து வளர்க்கிறேன். கத்தி கட்டி விடுவதை நான் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை, எங்கள் பழக்கம் வெறுங்கால் சண்டைதான். அதற்கும் சட்டத்தில் இடமில்லை என்று நீ சொல்வாய், சொல்லியும் இருக்கிறாய். நீ வேலையில் சேர்ந்த அன்று, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாய். "இனி சாவக்கட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லுங்கப்பா. நாளைக்கு நானே உங்களைப் புடிக்க வர்ற மாதிரி ஆயிரக் கூடாது." சொன்னேன். அதற்கப்புறம் நாலு வருடம் சேவலை வளர்த்தேன், கட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஊரில் கேட்டுப் பார்.

என்னிடமிருந்த கருஞ்செவலைச் சேவலுக்கு தாசில்தார் என்று பெயர் வைத்தது நீதான். எதைப் பார்த்தாலும் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போகும் என்பதால் வைத்தாய். குஞ்சில் அதற்குக் கழுத்தில் ஒரு காயம், குனிய முடியாது. நான் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதன் மூக்கு உயரத்துக்குப் பிடித்துப் பழக்கினேன். காயம் ஆறின பிறகும் அது குனியவில்லை. தட்டில் வைத்தால் பார்க்கும், குடிக்காது. யாராவது டம்ளரைப் பிடிக்க வேண்டும். "வளத்தவரு புத்தி" என்று உன் அம்மா சொல்வாள்.

ஒன்றரை வருடம் முன்பு, அந்தத் தையில், ஆறுச்சாமி வந்தான். என் சிறு வயதுக் கூட்டாளி, உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். "ஏப்பா, இந்த வருசம் வாய்க்காலுக்கு அந்தாண்டைத் தோப்புல. அது தமிழ்நாடாச்சே. உம்பொண்ணு கேரளா போலீஸு. நீ அவகிட்டப் பண்ணுன சத்தியம் அந்தாண்டை செல்லாது" என்றான். இதைக் கேட்டு வேறு ஊர் ஆளாக இருந்தால் சிரித்திருப்பான். எங்கள் ஊர்க்காரனுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கரண்ட் பில், அந்தப் பக்கம் ஒரு கரண்ட் பில். இந்தப் பக்கம் ஒரு எலெக்‌ஷன், அந்தப் பக்கம் ஒரு எலெக்‌ஷன். மாடு வாங்கினால், மண் அடித்தால், கல்யாணத்துக்குக் கள் இறக்கினால், எந்தப் பக்கத்துச் சட்டம் என்று பார்த்துத்தான் எதையும் செய்வோம். சத்தியத்துக்கும் எல்லை உண்டு என்று நான் நினைத்துவிட்டேன். தாசில்தாரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே முதல் ஜோடி இறங்கி முடிந்தது. தாசில்தாரை ஆறுச்சாமி கையில் கொடுத்துவிட்டு நான் கால் கழுவ வாய்க்கால் பக்கம் திரும்பினேன். ஜீப் வந்தது. ஆறுச்சாமி சேவலைக் கீழே விட்டுவிட்டு ஓடினான், எல்லாரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? நேராக உன் ஸ்டேஷன் எஸ்.ஐ. முன்னால் போய் நின்று, "சார், இது தமிழ்நாடு. உங்க அதிகாரம் வாய்க்காலோட சரி" என்றேன். அவர் மலையாளி, பொறுமையானவர். என்னைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குள் ஐம்பது அடி நடந்தார். பனைமரத்தடியில் ஒரு கல் இருந்தது. எல்லைக்கல். வாய்க்கால் எல்லை இல்லை, கல்தான் எல்லை. நான் நின்ற இடம் கேரளா. நான் விடவில்லை. கல்லை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், சர்வேக்காரன் தப்பாக நட்டான், என் அப்பா காலத்தில் இது வேறு இடத்தில் இருந்தது என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும், கால் கட்டப்பட்டுக் கிடந்த சேவல்களைக் காட்டி, "காரணவரே, இதில் உங்கள் கோழி ஏதெங்கிலும் உண்டோ?" என்று கேட்டார். பெரியவரே, இதில் உங்கள் சேவல் ஏதாவது உண்டா என்று அர்த்தம்.

அம்மிணி, எல்லைக்கல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசிய வாய் அப்போது மூடிக்கொண்டது. அவர் என்னை வேடிக்கை பார்க்க வந்த கிழவன் என்று நினைத்தார். "செரி, வீட்டுக்குப் பொய்க்கோளூ" என்றார். போனேன். தாசில்தார் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இதுதான் நான் செய்தது. உனக்கு வேலையில் உதவும் என்றால் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள். ஸ்டேஷனுக்கு வந்த கிழவன் எல்லைக்கல்லைப் பற்றி நீளமாகப் பேசினால், அவன் வேறு எதையோ சொல்லாமல் இருக்கிறான். அவன் பேசி முடிக்கிற வரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. பிறகு கேள்.

அடுத்து நடந்தது எனக்கு உன் எழுத்தின் வழியாகத்தான் தெரியும். ஆறு சேவல்கள் உன் ஸ்டேஷனில் தொண்டிமுதலாக வந்து சேர்ந்தன. கைப்பற்றின பொருளுக்கு அந்தப் பெயர். கத்தியாக இருந்தால் துணியில் சுற்றி முத்திரை வைத்து அலமாரியில் போடலாம். சேவலுக்கு முத்திரை வைக்க முடியாது. கோர்ட்டுக்குக் கொண்டு போகிற வரை உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் செத்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் போலீஸ்காரர்கள் அரிசி போட்டார்கள். மனு எழுதும்போது சேவல் கூவியது, வயர்லெஸ்ஸில் பேசும்போது கூவியது. அடுத்த நாள் காலை நீ டியூட்டிக்குப் போனாய். ஐந்து சேவல் நன்றாக இருந்தன, ஒன்று மட்டும் தண்ணீரே குடிக்கவில்லை. ரைட்டருக்குப் பயம் வந்துவிட்டது. ஊசி போட டாக்டரைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ பார்த்தாய். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அந்த இடத்தை நீ எழுதியிருந்தாய். டம்ளரைக் குழாயடியில் பிடித்தபோது, நிறைவதற்குள் எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது என்று எழுதியிருந்தாய். டம்ளரைக் கொண்டு போகாமல் இருக்கலாம், அப்போது ஒரு சேவல் தாகத்தில் கிடக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொண்டு போனால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீ கொண்டு போனாய். மூக்கு உயரத்துக்குப் பிடித்தாய். அது டம்ளர் காலியாகிற வரை குடித்தது. ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. நேராக எஸ்.ஐ. ரூமுக்குப் போய், "சார், இது எங்க வீட்டுச் சேவல். இந்தக் கேஸ்ல எனக்கு எந்த வேலையும் போடாதீங்க" என்று சொன்னாய்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். நீ அன்றைக்கு வாசலில் பாறாவு நின்றாய். உன்னைத் தாண்டித்தான் உள்ளே போனேன். "உக்காருங்கப்பா" என்றுகூட நீ சொல்ல முடியாது. எஸ்.ஐ. கேட்டார். அது என் கோழி இல்லை என்றேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாசில்தார் கயிறு எட்டுகிற தூரம் வரை வந்து, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துக் கொக்கரித்தது. ரைட்டர் சிரிப்பை அடக்க ஒரு ரிஜிஸ்டரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். எஸ்.ஐ. மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். எழுதினார்கள், தமிழில் படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, தெரிந்தே பொய்யில் போட்ட ஒரே கையெழுத்து அது. வெளியே வரும்போது நீ நேராகப் பார்த்து நின்றாய். உன் கண் நிறைந்திருந்தது. வெயில் என்று நான் வைத்துக்கொண்டேன்.

சொந்தக்காரன் இல்லாத சேவலை ஸ்டேஷன் வாசலில் ஏலம் விட்டார்கள். நான் போகவில்லை. உன் அம்மா போனாள். என்னிடம் சொல்லாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு, மார்க்கெட் பையை எடுத்துக்கொண்டு போனாள். குழம்புக்கு வாங்க வந்த ஆட்கள் அவளைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார்களாம். பையிலிருந்து தாசில்தார் தலையை நீட்டியபடி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, ஊருக்குள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடை வீதி முழுக்கப் பார்த்தது. "யாரு சாவலுங்கக்கா அது?" என்று கேட்டவர்களிடம், "தெரியலைங்க, ஏலத்துல வாங்குனேன். எங்க ஊட்டுக்காரருக்குச் சாவல்னா ரொம்பப் பிரியமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். வாசலில் என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள். "இந்தாங்க. உங்களுது இல்லாத சாவல்." அன்று முதல் அது வேறு சேவல் என்றுதான் நான் எல்லாரிடமும் சொன்னேன். கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் நீ இதை எழுதினாய். என் பெயர் இல்லை, உறவு இல்லை, எனக்குத் தெரிந்த ஒரு வீடு என்று மட்டும் போட்டாய். எங்கள் ஊருக்கு அது போதாதா? டீக்கடையில் எனக்கு டம்ளரில் டீ கொடுக்கும்போது, மூக்குக்கு நேராகப் பிடித்துக் கொடுத்தான் ஆறுச்சாமி. ஓடிப் போனவன் அவன், சிரிக்கிறவனும் அவன். நான் வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். "அதை எடு. இல்லாட்டி இனி என்னை அப்பான்னு கூப்புடாதே" என்றேன். அன்றைக்கே எடுத்தாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ அதோடு பேனாவையும் வைத்துவிட்டாய் என்று பொள்ளாச்சியில்தான் தெரிந்தது.

போன மாதம் உன்னைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் வந்தோமே, அந்தப் பயணத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பாதிதான். உடுமலையில் மூணாறு பஸ் ஏறினோம். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். பள்ளிவாசல் பக்கம் தேயிலை பேக்டரியில் வேலை, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். உன் அம்மா அரை மணி நேரத்தில் அவள் குடும்பத்தையே தெரிந்துகொண்டாள். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டதும், "எம்பொண்ணு அங்க போலீஸ்ல எஸ்.ஐ.ங்க" என்று உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். அந்தப் பெண், "போலீஸ்னா எனக்கு முன்னாடியெல்லாம் பயம்மா. இப்ப இல்ல" என்றாள். பிறகு சொன்னாள். அவள் தங்கச்சி வேலைக்குப் போகிற வழியில் ஒருத்தன் தினமும் வழி மறித்துக்கொண்டிருந்திருக்கிறான். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும், பொம்பளைப் பிள்ளை ஸ்டேஷனுக்குப் போகாதே, பெயர் கெட்டுவிடும் என்றார்கள். "பாலக்காட்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரப் புள்ள போன்ல எழுதிட்டிருந்துச்சு. தமிழ்ல. அதுல பாத்துத்தான் நான் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனேன். மனுவுக்கு ரசீது குடுங்கன்னு கேட்டேன். எழுதுனதத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன். அந்த ரைட்டரு என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, வாசிச்சுக் காட்டிட்டாரு. இப்ப அந்தப் பய அந்தப் பக்கமே வாறதில்ல."

உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் விடவில்லை. "ரசீது கேளு, அது கேளுன்னு யாரும் சொல்லலாம்மா. ஆனா ஒரு நாளு ஒரு சேவல் கதை எழுதுச்சு. தனக்கு வேண்டப்பட்ட வீட்டுச் சேவல்னு தானே போயி ஆபீசர்ட்ட சொல்லிருக்கு. அதப் படிச்சப்பறந்தான் எனக்குத் துணிச்சலே வந்துச்சு. வேண்டப்பட்டவக சேவலயே மறைக்காத புள்ள, என் தங்கச்சி மனுவையா மறைச்சிரப் போவுது? போலீஸ்லயும் இப்படி ஆளு இருக்குன்னு எங்க லயத்துல நாலு வீட்டுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அப்பறம் என்னன்னு தெரியல, அதை எடுத்துட்டாக. அந்தப் புள்ளயும் எழுதுறதில்ல. யாராச்சும் மெரட்டிட்டாகளோ என்னமோ."

ஆமாம், மிரட்டிவிட்டார்கள். மிரட்டியவன் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது என்று நான் நினைத்த எழுத்து, எங்கேயோ மலைமேல் ஒரு பெண்ணை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. அதில் நான் எங்கே இருக்கிறேன்? அவள் சொன்ன கதையில் சேவல்காரன் ஒரு ஓரத்தில்கூட இல்லை. நீதான் இருந்தாய். ஒன்றரை வருடமாக அந்தக் கதையை என்னைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்.

"அந்தச் சேவல்காரரு பாவம், அசிங்கப்பட்டிருப்பாரு" என்றாள் அவள். உன் அம்மா, "அப்பிடியெல்லாம் ஒண்ணும் படலீங்க. நேரத்துக்குத் தின்னுபோட்டு நல்லாத் தூங்கறாருங்க" என்றாள். எனக்கு வாய் திறந்துகொண்டது. "அது என் சாவல்தானுங்க. அந்தப் பொண்ணு எம்பொண்ணுதானுங்க" என்றேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், அம்மிணி, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். ஊரில் எல்லாரும் சிரித்தபோது வந்த கோபம் இதற்கு வரவில்லை. நானும் சிரித்தேன். மறையூரில் பஸ் நின்றபோது இறங்கி ஓடி, ஒரு பொட்டலம் உருண்டை வெல்லம் வாங்கி வந்து என் கையில் வைத்தாள். "இத அந்தப் புள்ளைக்குக் குடுங்கய்யா. எழுதச் சொல்லுங்க" என்றாள். அந்த வெல்லத்தை உன்னிடம் கொடுத்தபோது, வழியில் வாங்கினேன் என்றேன். நான் வாங்கவில்லை. அது உன் வாசகி கொடுத்தது. நீ அதைப் போட்டுக் காப்பி வைத்து, நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாய்.

உன் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் இருந்தோம். குளிரில் நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டு மங்கி குல்லாயோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உன் ஸ்டேஷன் ஆட்கள் வணக்கம் வைத்தார்கள். வட்டவடையிலிருந்து வந்த ஒருவர், எல்லைத் தகராறு மனுவோடு வந்தவர், நான் உன் அப்பா என்று தெரிந்ததும் ஒரு கட்டு கேரட்டை நீட்டினார். "வாங்காதீங்கப்பா" என்று நீ உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். அவருடைய மனு முடிகிற வரை அவர் வீட்டுக் கேரட் கூட ஆகாது என்றாய். எனக்கு முகம் சுருங்கியது, உள்ளே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவும் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் பஸ் ஏறினேன். "ஏனுங்க, உங்க வாயில வெல்லம் ஒட்டிக்கிச்சா?" என்று உன் அம்மா உடுமலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நேரில் சொல்ல முடியாததை எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் எழுத வேண்டிய இடம் ஒன்று இருந்தது. முந்தாநாள் உன் பழைய ஸ்டேஷனுக்குப் போனேன். அதே எஸ்.ஐ. "காரணவரே, இப்போ ஏது கல்லு?" என்று சிரித்தார். மனுவை நீட்டினேன். இன்ன தையில் கைப்பற்றின சேவல்களில் கருஞ்செவலை என்னுடையது, கட்டுக்குக் கொண்டு போனது நானே, அன்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று தமிழில் எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். மற்றவர்கள் அன்றே அபராதம் கட்டி முடித்துவிட்டார்கள், இதைக் கொடுத்தால் கோர்ட்டுக்கு எழுத வேண்டி வரும், சம்மன் வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். "யோசிச்சுத்தானுங்க ஒண்ணரை வருசம் ஆச்சு" என்றேன். "மகள் சொல்லிட்டாணோ?" என்று, நீ சொல்லித்தான் வந்தேனா என்று கேட்டார். "அவளுக்குத் தெரியாதுங்க. ரசீது குடுங்க" என்றேன். கொடுத்தார். வாசலில் பாறாவு நின்ற பையன் எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரசீதின் போட்டோவையும் இதோடு அனுப்புகிறேன். சம்மன் வந்தால் போவேன், நீ லீவு போட்டுக்கொண்டு வரக் கூடாது.

அந்தப் பழைய கதையை மறுபடி போடு. ஆனால் அதில் தப்பு இருக்கிறது, திருத்து. சேவல் மெலிந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய், அது மெலியவில்லை, அதன் வாகு அப்படி. தெரிந்த ஒரு வீடு என்பதை எடுத்துவிட்டு, என் அப்பா என்று போடு. எல்லைக்கல் விஷயத்தில் என் வாதத்தை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய். அதை முழுசாகப் போட வேண்டும், ஏனென்றால் அந்தக் கல்லை நகர்த்தினார்கள் என்றுதான் இன்றைக்கும் நான் சொல்கிறேன். என் சத்தியம் கல்லுக்கு அந்தப் பக்கமும் செல்லும் என்று ஒப்புக்கொள்கிறேன். கல் சரியான இடத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் எழுத்து யாரையும் நோகடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நோகடிக்கும். என்னை நோகடித்தது. உண்மையைச் சொன்னதால் நொந்தவன் ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடுவான், நொந்தவனே சொல்கிறேன். நீ எழுதாததால் ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்தப் பெண்ணைப் போல ஒருத்திக்காவது நான் தடையாக இருந்தேன் என்றால், அதற்கு எந்த ஸ்டேஷனில் மனு கொடுப்பது?

இதற்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம். போன் போட்டு அழவும் வேண்டாம், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். என்னிடம் சொல்ல உனக்கு ஏதாவது இருந்தால் அதை ஊருக்கு எழுது. நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.